முதல் வாசல், முப்பது படி: நித்தியகல்யாணியின் நொதி உண்மையில் என்ன செய்கிறது?

நித்தியகல்யாணியைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று அறிவியல் பக்கத்தில்: "தாவர நொதிகளை ஈஸ்ட்டுக்குள் வைத்துப் புற்றுநோய் மருந்து தயாரித்துவிட்டார்கள், இனி செடியே வேண்டாம்." இன்னொன்று வாட்ஸ்அப்பில்: "இந்த இலையைக் காய்ச்சிக் குடித்தால் ரத்தப் புற்றுநோய் குணமாகும், ஆஸ்பத்திரியே வேண்டாம்."

வேலூரில் இந்த இரண்டாவது செய்திக்குக் காது கொடுக்க ஆள் அதிகம். காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பார்க்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் நோயாளிக்கு ஏறும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசியின் மூலச்செடி பாலாற்றங்கரைச் சுடுகாட்டு ஓரத்தில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிறது. கிராமத்தில் அதற்குப் பெயரே சுடுகாட்டு மல்லி. செடி இலவசம், ஊசிக்குக் காசு. அப்புறம் ஏன் பறித்துக் காய்ச்சக் கூடாது என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

இந்த இரண்டு செய்திகளும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. செடியில் மருந்து 'இருக்கிறது' என்பதையும், அது 'செய்யப்படுகிறது' என்பதையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, இந்த மருந்துப் பாதையின் முதல் வாசலான ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸ் என்ற ஒரே ஒரு நொதியைச் சரியாகப் புரிந்துகொண்டாலே போதும்.

ஆல்கலாய்டு, நொதி

ஆல்கலாய்டு என்பது நைட்ரஜன் அணு கொண்ட, பெரும்பாலும் கசப்பான, சிறிய அளவிலேயே உடலில் வேலை காட்டும் தாவரப் பொருள். காப்பியிலுள்ள கஃபீன், புகையிலையின் நிகோட்டின், ஊமத்தையின் அட்ரோபின் எல்லாம் இந்த இனம்தான். நொதி என்பது ஒரு குறிப்பிட்ட வேதிவினையை விரைவாகவும் பிசகாமலும் நடத்திவைக்கும் புரதம். வழக்கமாக ஒரு நொதிக்கு ஒரு வேலை. முப்பது வேலை நடக்க வேண்டுமானால், ஏறத்தாழ முப்பது நொதிகள் வேண்டும்.

நித்தியகல்யாணியில் 130-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் மருத்துவத்துக்கு முக்கியமானவை வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும். இரண்டும் செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்களை உருவாக விடாமல் தடுப்பவை. பிரிய முடியாத செல் இறந்துபோகும்.

இந்தக் குணம் தெரியவந்ததே தற்செயலாகத்தான். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று 25 இலைகள் ஒரு உறையில் கனடாவுக்கு வந்தன. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சாற்றை எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் சரிந்தன. 1958-ல் வின்பிளாஸ்டின் பற்றிய முடிவுகள் வெளிவந்தன. 1963-ல் வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. சர்க்கரைக்கென்று இதைக் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த எலிகளுக்கு உண்மையில் குறைந்தது எது என்பதை.

இரண்டு துண்டு, ஒரு முடிச்சு

ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸின் வேலை இரண்டு மூலக்கூறுகளை எடுத்து ஒன்றாக முடிச்சுப் போடுவது.

1. முதல் துண்டு டிரிப்டமைன். புரதங்களில் இருக்கும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றினால் இது கிடைக்கும். டிரிப்டோபனின் மூலக்கூறு எடை 204, கழன்றுபோவது 44, மிச்சம் 160. ஒரே படி. நைட்ரஜன் வருவது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

2. இரண்டாவது துண்டு செகோலோகனின், எடை 388. இது வந்து சேரும் வழி நீளம். ரோஜா வாசனையில் இருக்கும் ஜெரானியாலில் தொடங்கி, வளையமாக மடிந்து, ஒரு குளுக்கோஸைச் சுமந்து, வளையம் பிளந்து, பல நொதிகள் கைமாறி வருகிறது. அந்த வரிசையில் வளையத்தை மடிக்கும் இரிடாய்டு சிந்தேஸ் என்ற நொதி பிடிபட்டதே 2012-ல்தான்.

3. நொதி இரண்டையும் சேர்க்கும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். 160 கூட்டல் 388, கழித்தல் 18: ஸ்ட்ரிக்டோசிடினின் எடை 530.

இந்த வினைக்கு பிக்டெட்–ஸ்பெங்கலர் வினை என்று பெயர். நொதி இல்லாமலும் இது நடக்கும். இரண்டு துண்டையும் அமிலக் கரைசலில் போட்டு வைத்தாலே போதும். ஆனால் அப்போது இரண்டு விதமான பொருள் கலந்து வரும். இரண்டிலும் அணுக்கள் அதேதான், எடையும் அதேதான். புதிதாக உண்டான ஒரு கார்பனில் மட்டும் திசை மாறியிருக்கும். இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி. ஒன்று ஸ்ட்ரிக்டோசிடின், மற்றது வின்கோசைடு. நொதி வைத்துச் செய்தால் ஸ்ட்ரிக்டோசிடின் மட்டுமே வரும். அடுத்தடுத்த நொதிகளுக்கெல்லாம் பொருந்துவது அந்தத் திசைதான். நொதியின் அருமை வேகத்தில் மட்டும் இல்லை, இந்தக் கறாரில் இருக்கிறது.

கறார் எப்படி வருகிறது என்பதை நொதியின் வடிவம் காட்டுகிறது. 1977-ல் ஸ்டோகிக்ட், செங்க் இருவரும் செடியின் செல் சாற்றில் இந்த வினையைக் காட்டினார்கள். 1988-ல் சர்ப்பகந்தாவிலிருந்து இதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. 2006-ல் முப்பரிமாண அமைப்பு தெரிந்தது: ஆறு இறக்கை கொண்ட காற்றாடி போன்ற புரதம், நடுவில் ஒரு குழி. குழிக்குள் 309-ஆம் இடத்தில் இருக்கும் குளூட்டமிக் அமிலம்தான் வினையை நடத்தும் கை. டிரிப்டமைன் குழியின் ஆழத்தில் போய் உட்காரும். சர்க்கரையைச் சுமக்கும் செகோலோகனின் வாய்ப்பக்கம் நிற்கும், சர்க்கரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேறு திசையில் திரும்பிப் பிணைய இடமே கிடையாது.

ஒரே இலைக்குள் மூன்று பட்டறை

மருந்து ஏன் இவ்வளவு சொற்பம் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. எல்லா வேலையும் ஒரே செல்லில் நடப்பதில்லை. நம் ஊரில் தறி ஒரு தெருவில், சாயம் ஒரு தெருவில், மடிப்பு ஒரு தெருவில் என்று நடக்குமே, அந்த மாதிரி.

1. இலை நரம்பில், உணவு கடத்தும் புளோயத்தை ஒட்டிய செல்களில் ஜெரானியாலில் தொடங்கும் வேலை நடக்கிறது. லோகானிக் அமிலம் வரை இங்கே.

2. அது இலையின் புறத்தோல் செல்லுக்குக் கடத்தப்படுகிறது. அங்கே செகோலோகனினாக மாறுகிறது. டிரிப்டமைனும் அதே புறத்தோல் செல்லில்தான் உண்டாகிறது. ஆனால் முடிச்சுப் போடும் நம் நொதி செல்லின் பொது அறையில் இல்லை. வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு துண்டும் பைக்குள் போக வேண்டும்.

3. உண்டான ஸ்ட்ரிக்டோசிடின் பையை விட்டு வெளியே வர ஒரு தனிக் கடத்திப் புரதம் வேண்டும். 2017-ல்தான் அது அடையாளம் காணப்பட்டது. அந்தக் கடத்தியின் மரபணுவை அடக்கினால் ஸ்ட்ரிக்டோசிடின் பைக்குள்ளேயே தேங்கி, இலை வாடிச் செத்துப்போகிறது.

4. வெளியே வந்ததும் குளுக்கோஸ் கழற்றப்பட்டு, பாதை பல கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளையின் முடிவு கேத்தரந்தின். இன்னொரு கிளை டேபர்சோனின் வழியாக வின்டோலின். வின்டோலினின் கடைசி இரண்டு படிகள் மறுபடி வேறு செல்லில், பால் ஓடும் குழாய் செல்களிலும் அவற்றை ஒத்த தனிச் செல்களிலும் நடக்கின்றன. இலையைக் கிள்ளினால் கசியும் அந்த வெள்ளைப் பால் இந்தக் குழாய்களிலிருந்து வருவதுதான்.

5. கேத்தரந்தினும் வின்டோலினும் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின். ஆனால் கேத்தரந்தின் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பு மெழுகுக்கு அனுப்பப்பட்டுவிடுகிறது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. வின்டோலின் உள்ளே இருக்கிறது. இரண்டும் ஒரே இலையில் இருந்தும் ஒன்றையொன்று பார்ப்பதே அரிது.

மணப்பெண்ணை மொட்டை மாடியிலும் மாப்பிள்ளையை நிலவறையிலும் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருப்பது போன்ற ஏற்பாடு. செடிக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அதற்கு வேண்டியது நமக்கு மருந்து இல்லையே.

செடிக்கு வேண்டியது என்ன?

ஆடு இந்தச் செடியை மேயாது. காரணம் வெறும் கசப்பு மட்டும் இல்லை. ஸ்ட்ரிக்டோசிடின் வாக்குவோலில் இருக்க, அதன் குளுக்கோஸைக் கழற்றும் நொதி செல்லின் உட்கருவில் காத்திருக்கிறது. புழு இலையைக் கடித்தால் செல் நசுங்கி இரண்டும் கலக்கும். சர்க்கரை கழன்ற மூலக்கூறு உடனே பிளந்து, கண்ட புரதங்களையெல்லாம் ஒட்டிப் பிணைத்துவிடும் வீரியம் கொண்டதாக மாறும். கடிக்கும்வரை அமைதி, கடித்தால் வெடி. கடிபட்ட இலையில் ஜாஸ்மோனேட் என்ற எச்சரிக்கை ஹார்மோனும் கூடும். அது நம் நொதியின் மரபணுவை இன்னும் வேகமாக ஓடவைக்கும்.

இதே வாசல் வழியாக வரும் மற்ற செடிகள்

ஸ்ட்ரிக்டோசிடினிலிருந்து கிளைத்த ஆல்கலாய்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சின்கோனா மரப்பட்டையின் குயினின், சர்ப்பகந்தாவின் ரெசர்பின் இரண்டும் இந்த வழி. ஜவ்வாது மலையடிவாரத்தில் பார்க்கும் எட்டி மரத்தின் ஸ்ட்ரிக்னினும் அப்படித்தான். 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று சொல்ல வைத்த அந்த விஷத்தின் பாதை 2022-ல் முழுதாகத் துலங்கியது. வீட்டு வாசலில் பூஜைக்கு வளர்க்கும் நந்தியாவட்டையும் இதே குடும்ப வழி.

தோற்றத்தை வைத்து ஏமாறவும் கூடாது. அரளி இதே தாவரக் குடும்பம், இதே போலப் பால் வடியும். ஆனால் அதன் விஷம் ஆல்கலாய்டே இல்லை, இதயத்தை நிறுத்தும் கிளைக்கோசைடு. ஆடு தொடாத ஆடாதோடையின் வாசிசின் ஆல்கலாய்டுதான், ஆனால் இந்த நொதி வழியாக வருவதில்லை. "பால் செடி எல்லாம் ஒரே மருந்து" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

வாசலை அகலப்படுத்தினால் மருந்து கூடுமா?

செய்திகளில் அடிக்கடி வரும் வாக்கியம்: "முக்கிய நொதியின் அளவைக் கூட்டினால் உற்பத்தி பெருகும்." இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1998-ல் வெளியான ஆய்வில் நித்தியகல்யாணியின் செல்களைத் திரவத்தில் வளர்த்து, இந்த நொதியின் மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். நொதியின் செயல்பாடு 10 மடங்கு கூடியது. சிறந்த செல் வரிசையில் ஸ்ட்ரிக்டோசிடினும் அதன் வழிப் பொருட்களும் சேர்ந்து லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை வந்தன. டிரிப்டமைனை உண்டாக்கும் நொதியைக் கூட்டியபோது இந்தப் பலன் இல்லை.

இதுவரை நல்ல சேதிதான். ஆனால் வின்பிளாஸ்டின் வரவில்லை. திரவத்தில் மிதக்கும் செல் வெறும் செல், அது இலை ஆகவில்லை. அதில் பால் குழாய் செல் கிடையாது, வின்டோலின் பட்டறை கிடையாது. மாப்பிள்ளை வீடே இல்லாத ஊரில் பெண் வீட்டை மட்டும் பெரிதாகக் கட்டிய கதை.

இரண்டாவது தடை மூலப்பொருள். வளர்க்கும் திரவத்தில் டிரிப்டமைனையும், செகோலோகனினுக்கு முந்தைய பொருளான லோகானினையும் ஊற்றினால் ஆல்கலாய்டு கூடுகிறது. அப்படியானால் நொதி சும்மா இருக்கிறது, அதற்குத் தீனிதான் போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பற்றாக்குறை செகோலோகனின் பக்கத்தில்.

கஷாயக் கணக்கு

பரவலாகச் சொல்லப்படும் அளவு இது: 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு சுமார் 500 கிலோ உலர்ந்த இலை; 1 கிராம் வின்கிரிஸ்டினுக்கு சுமார் 2,000 கிலோ. இதை வைத்துப் போடுவோம்.

1. 2,000 கிலோவுக்கு 1 கிராம் என்றால், 1 கிலோ உலர்ந்த இலையில் அரை மில்லிகிராம்.

2. வின்கிரிஸ்டின் பெரியவர்களுக்கு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம், வழக்கமாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். அந்த 2 மில்லிகிராம் கிடைக்க 4 கிலோ உலர்ந்த இலை வேண்டும்.

3. கஷாயத்துக்கு 10 கிராம் போட்டால், அதில் இருப்பது 5 மைக்ரோகிராம். ஒரு ஊசியில் 400-ல் ஒரு பங்கு. அதுவும் முழுதாகத் தண்ணீரில் இறங்கி, குடலில் சிதையாமல் ரத்தத்துக்குப் போனால். வாய்வழி சீராக உறிஞ்சப்படாது என்பதால்தான் இதைச் சிரையில், அதாவது ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள்.

"அப்படியானால் குடித்தால் ஒன்றும் ஆகாதே" என்று கேட்கலாம். ஆகும். அந்த 5 மைக்ரோகிராமோடு மற்ற நூற்றுச் சொச்சம் ஆல்கலாய்டுகளும் சேர்ந்து வருகின்றன. வேரும் சேர்ந்தால், அதிலுள்ள அஜ்மலிசின் போன்றவை ரத்த ஓட்டத்தில் கை வைப்பவை. கீமோ ஓடும் உடம்பில், வெள்ளையணு ஏற்கெனவே குறைந்த நேரத்தில், அளவு தெரியாத இன்னொரு சரக்கைச் சேர்ப்பது வேண்டாத விளையாட்டு. குடித்துவிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

சுத்தமான மருந்தே எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு விவரம். வின்கிரிஸ்டினைச் சிரை வழியாக மட்டுமே செலுத்த வேண்டும். சிரைக்கு வெளியே கசிந்தால் தசை வெந்துபோகும். தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் செலுத்திவிட்டால் பெரும்பாலும் உயிர் தங்காது. அதனால்தான் சிரிஞ்சில் வைக்காமல், சிறிய சலைன் பையில் கலந்து கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதுகில் போடும் மருந்து சிரிஞ்சில்தான் வரும், பையைப் பார்த்து யாரும் குழம்ப மாட்டார்கள்.

வயலில் இது எப்படிக் கணக்காகும்?

மல்லாட்டை (நிலக்கடலை) போடும் மானாவாரிச் செம்மண்ணில் இந்தச் செடி தாராளமாக வரும். நேரடி விதைப்புக்கு ஹெக்டேருக்கு சுமார் இரண்டரை கிலோ விதை. நாற்றங்கால் வைத்து நட்டால் அரை கிலோ போதும். ஆறாம் மாதம் முதல் இலை உருவல், ஒன்பதாம் மாதம் இரண்டாவது, பன்னிரண்டாம் மாதம் செடியை அறுத்து, நிலத்துக்குத் தண்ணீர் கட்டி, பதம் வந்ததும் உழுது வேரைப் பொறுக்க வேண்டும். வேரைக் கழுவி நிழலில் உலர்த்துவார்கள். மானாவாரியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2 டன் உலர் இலை, முக்கால் டன் வேர்.

மேலே பார்த்த கணக்குப்படி, ஒரு ஹெக்டேரின் ஒரு வருடத்து இலையில் நேரடியாக இருக்கும் வின்கிரிஸ்டின் 1 கிராம். ஏக்கருக்கு 0.4 கிராம், அதாவது 2 மில்லிகிராம் வீதம் 200 ஊசி. ஆலைகள் இதை மட்டும் நம்பி இருந்தால் கட்டுப்படியாகாது. இலையில் அதிகமாகக் கிடைக்கும் கேத்தரந்தினையும் வின்டோலினையும் தனித்தனியே பிரித்து, இரும்பு உப்பு வைத்துத் தொட்டியில் இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்க முடியும். செடி பிரித்து வைத்த ஜோடிக்கு ஆலையில் கல்யாணம். வின்பிளாஸ்டினின் ஒரு மெத்தில் குழுவை, உறைநிலைக்கு வெகு கீழான குளிரில் ஆக்சிஜனேற்றம் செய்து ஃபார்மைல் ஆக்கினால் வின்கிரிஸ்டின்.

கெடுவது எங்கே? தண்ணீர் தேங்கினால் நுனிக்கருகலும் அழுகலும் வந்து செடி போய்விடும். இலை குட்டையாகிக் கொத்தாக வந்தால் அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் நோய், தத்துப்பூச்சி கொண்டுவருவது. மருந்தடித்துக் காப்பாற்றப் பார்க்காமல் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். ஈரம் மிச்சமிருக்க மூட்டை கட்டினால் பூஞ்சை. எல்லாவற்றுக்கும் மேல், வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் விதைக்கக் கூடாது. இதை உழவர் சந்தையில் கொண்டுபோய் வைக்க முடியாது.

ஈஸ்ட் வந்தால்?

2015-ல் ஈஸ்ட்டில் ஸ்ட்ரிக்டோசிடின் உருவாக்கப்பட்டது, லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில். 2018-ல் பாதையில் விடுபட்டிருந்த கடைசி நொதிகள் கண்டறியப்பட்டன. 2022-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜே கீஸ்லிங்கின் குழு, 34 தாவர மரபணுக்களைச் சேர்த்து, மொத்தம் 56 திருத்தங்கள் செய்து, 30 நொதிப் படிகளை ஈஸ்ட்டுக்குள் ஓடவைத்தது. கிடைத்தது கேத்தரந்தினும் வின்டோலினும். கடைசி இணைப்பு ஈஸ்ட்டுக்கு வெளியே, வேதியியல் முறையில்தான்.

சாதனை பெரியது, சந்தேகமில்லை. 2019-ல் அமெரிக்காவில் இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவர் நிறுத்தியதும் குழந்தைகளுக்கான வின்கிரிஸ்டின் தட்டுப்பாடான மாதிரி நிலைமைக்கு, செடியையும் பருவத்தையும் நம்பாத ஒரு வழி அவசியம். ஆனால் அந்த ஆய்வில் விளைச்சல் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டு, ஒரு துளியும் வீணாகாமல் மருந்தானால்கூட, ஒரே ஒரு 2 மில்லிகிராம் ஊசிக்கு 200 லிட்டர் கொப்பரை வேண்டும். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், தலைப்பைத் தாண்டிப் போய் லிட்டருக்கு எவ்வளவு என்ற எண்ணைத் தேடுங்கள். அது மைக்ரோகிராமிலிருந்து கிராமுக்கு ஏறும் நாள்வரை, மருந்து ஆலைகளுக்கு இலை மூட்டை போய்க்கொண்டுதான் இருக்கும்.